புதுப்பிப்பு: கடுவனுக்குப் பெயர் வைத்தாயிற்று

கும்பகோணத்தில் எங்கள் திண்ணையில் குடியேறிய, ஓயாமல் பேசும் தடித்த கடுவன் பூனைக்குப் பெயர் கேட்டிருந்தேன் அல்லவா? முடிவாகிவிட்டது: நாயனம், அதாவது நாதஸ்வரம்.

‘ராஜராஜன்’ என்று பலர் சொன்னீர்கள். உருவத்துக்குப் பொருந்தும்தான். ஆனால் மத்தி மீன் தலைக்கு அடம்பிடிப்பவனை அப்படிக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. ‘தவில்’ பிடித்திருந்தது, ஆனால் இவன் சத்தத்தில் தாளம் கிடையாது. விடியற்காலையில் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, மூச்சு விடாமல் ஒரே இழுப்பு, கடைசியில் ஒரு சின்னக் குழைவு. வேறென்ன பெயர் வைப்பது? நாதஸ்வரத்துக்குப் பேர்போன நரசிங்கம்பேட்டையும் பக்கத்தில்தான். 2022-இல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கூட கிடைத்தது.

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அவ்வளவாக ‘மியாவ்’ சொல்லிக்கொள்வதில்லை, அது பெரும்பாலும் மனிதர்களுக்கென்றே எழுப்பும் குரலாம். அப்போ அந்தக் கச்சேரி முழுக்க நமக்குத்தான்!

பெயரைச் சுருக்கிக் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு. சுருக்கினால் ‘நாய்’ என்றுதான் வரும். அம்மா மட்டும் கேட்பதில்லை. அவனும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறான்.