தோட்டக் கோயிலை அரசாங்கமே எடுத்து நடத்தினால் நல்லதா?

பீடோங் பொருளாளர்:
வணக்கம். மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்து எஸ்டேட் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கணக்குப் பார்க்கிறேன். முன்பெல்லாம் தோட்ட ஆபீஸிலேயே மாதச் சம்பளத்தில் கோயில் சந்தா பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். நம் சனமெல்லாம் தோட்டத்துக்கு வெளியே தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டது, தோட்டத்து லய வீடுகளில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள். சந்தா நின்றது. திருவிழா உபயமும் உண்டியலும்தான் வரவு. ரசீதுப் புத்தகத்தில் 5 ரிங்கிட், 10 ரிங்கிட்தான் அதிகம். குருக்கள் சம்பளம், தண்ணீர், மின்சாரம் கட்டியபின் கோபுரத்து விரிசலைப் பூச ஒன்றும் மிஞ்சவில்லை. "தமிழ்நாட்டு அறநிலையத்துறை மாதிரி இங்கேயும் அரசாங்கம் எடுத்துக்கொண்டால் பணமும் வரும், தலைவர் பதவிச் சண்டையும் தீரும்" என்று ஆண்டுக் கூட்டத்தில் இளைஞர்கள் சொன்னார்கள். பலர் கை தட்டினார்கள். என் மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரைக்காரன், சுங்கைப் பட்டாணி:
அண்ணே, அறநிலையத்துறை கோயில்களுக்கு வாரிக் கொடுக்கிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள். வருமானமுள்ள கோயில்தான் துறைக்குக் கட்டுகிறது. 1959 சட்டப்படி வருமானத்தில் 12 சதவீதம் வரை பங்குத்தொகை, தணிக்கைக் கட்டணம் 4 சதவீதம் வரை தனி. சின்னக் கோயில்களில் தினம் ஒரு வேளையாவது பூஜை நடக்க ஒரு கால பூஜைத் திட்டம் உண்டு; வைப்புநிதி வட்டியில் விளக்கு எரிகிறது. நல்ல காரியம், மறுக்கமாட்டேன். தர்மகர்த்தாக்கள் கோயில் சொத்தைச் சுருட்டியதால்தான் அந்தக் காலத்தில் இந்தச் சட்டங்களே வந்தன, அதையும் சொல்லவேண்டும். ஆனால் கோயிலை நடத்தத் துறையின் செயல் அலுவலர் வந்தபின் ஊர்க்காரர்கள் சொல்லுக்கு மதிப்புக் குறைந்துவிடும். 2014இல் சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றமே, நிர்வாகக் குறையைச் சரிசெய்ததும் கோயிலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், காலவரையின்றி வைத்திருக்கக்கூடாது என்றது.

பினாங்கு அக்கா:
பினாங்கில் கோயில்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் இந்து அறப்பணி வாரியத்தைக் காட்டி யாராவது கேட்டால் சொல்லுங்கள்: அது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரைச் சேர்த்து பிரிட்டிஷார் ஆண்ட நீரிணைக் குடியேற்றத்தின் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில் அவர்கள் பொறுப்பில் இருக்கிறது. உங்கள் கெடா அந்தக் குடியேற்றத்தில் சேரவே இல்லை, அதனால் அந்தச் சட்டம் அங்கே வரவில்லை.

பழைய தலைவர்:
தம்பி, உங்கள் இளைஞர்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு. கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது? தோட்டக் கோயில்களில் பெரும்பாலும் நிலம் கம்பெனி பெயரில்தான். தோட்டம் கைமாறினால் அம்மனும் கைமாறுவாள். 2018 நவம்பரில் சிலாங்கூர் சீபீல்ட் தோட்டக் கோயிலில் நடந்த கலவரம் நினைவிருக்கும், அதற்கும் மூலகாரணம் நிலத் தகராறுதான். நம் அரசியலமைப்பின் 11(3)ஆம் விதி, ஒவ்வொரு மதக் குழுவும் தன் காரியங்களைத் தானே நடத்தவும் சொத்து வைத்திருக்கவும் உரிமை தந்திருக்கிறது. இவ்வளவு பெரிய உரிமையைக் கோபுரம் பூசுகிற செலவுக்காக நாமே கொண்டுபோய்க் கொடுப்பதா? வீடமைப்பு ஊராட்சி அமைச்சில் முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டுத் தலங்களுக்கு மானியம் இருக்கிறது, கேளுங்கள். அதற்குச் சங்கப் பதிவும் ஒழுங்கான கணக்கும் வேண்டும். பதவிச் சண்டைக்கு மருந்தும் அந்தக் கணக்குதான்; மாதாமாதம் வரவு செலவை மண்டபத்துச் சுவரில் ஒட்டுங்கள், பாதிச் சண்டை அடங்கும். பட்டாவுக்கு மாநில அரசிடம்தான் போகவேண்டும், நிலம் அவர்கள் அதிகாரம்.

பீடோங் பொருளாளர்:
எல்லாருக்கும் நன்றி. ஐயா, பதிவு இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. நிலம் நீங்கள் சொன்னபடி கம்பெனி பெயரில்தான். திங்கட்கிழமை மேனேஜரைப் பார்க்கப் போகிறேன். கம்பெனி நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சம்மதித்தால், அதை எழுத்தில் எப்படி வாங்குவது? முன்பு வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.