மறு: 'பிஸ்ட்' – பனிச்சரிவா, சறுக்குத்தடமா?

> பிஸ்ட் (பனிச்சறுக்குக்கென்று செப்பனிட்டு வைத்திருக்கிற வழி) என்பதற்குப் 'பனிச்சரிவு' என்றே போட்டுவிடலாமே அக்கா? படித்தவுடன் யாருக்கும் புரியும்.

தம்பி, புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் பனிச்சரிவு என்றால் மலையிலிருந்து பனி பெயர்ந்து வந்து ஆளைப் புதைக்கிற விபத்துதான் நினைவுக்கு வரும். 'சரிவு' இரண்டு வேலை பார்க்கிற சொல். மலைச்சரிவு என்னும்போது அது இடம், நிலச்சரிவு என்னும்போது அது நிகழ்வு. ஸ்விட்சர்லாந்தின் பனிச்சறுக்கு ஊரான செர்மாட்டுக்கு நாம் தமிழில் தொகுக்கிற பயணக் குறிப்பில் இந்த இரண்டு பொருளும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. 'கோர்னர்கிராட் பக்கம் பனிச்சரிவு திறந்திருக்கிறது' என்று ஒரு வரி, 'இன்று பனிச்சரிவு அபாயம் உண்டு' என்று அடுத்த வரி. படிக்கிறவர் என்ன நினைப்பார்? விபத்தைக் குறிக்க அந்தச் சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டாம். பிஸ்டுக்குத்தான் வேறு சொல் தேட வேண்டும்.

என் பரிந்துரை சறுக்குத்தடம். ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டால் பிறகு வெறும் 'தடம்' போதும். பிரெஞ்சில் பிஸ்ட் என்பது இத்தாலிய 'பிஸ்தா'விலிருந்து வந்தது, மிதிபட்டு உண்டான வழி என்று பொருள். நம் தடத்திலும் காலடி, வழி இரண்டும் அடங்கியிருக்கின்றன. களத்தில் பார்த்தாலும் இது பொருந்துகிறது. இரவில் வண்டிகள் ஏறி இறங்கிப் பனியை அமுக்கிச் சமன் செய்கின்றன, செங்குத்தான இடங்களில் மேலே எஃகு வடம் கட்டி இழுத்துக்கொண்டே வேலை செய்கின்றன (மாலையில் தடம் மூடியபின் அங்கே நிற்கக் கூடாது என்பதற்கு அந்த வடமே போதுமான காரணம், இதைக் குறிப்பில் தடித்த எழுத்தில் போட வேண்டும்). காலையில் முதல் ஆளாக இறங்குகிறவருக்குத் தடம் முழுக்கச் சீப்பால் வாரியது போல நேர்நேரான வரிகள் தெரியும். இரு ஓரத்திலும் நிறம் பூசிய கம்பங்கள். அதாவது ஆள் போட்டு உண்டாக்கி, ஆள் போட்டுக் காக்கிற வழி. மலையில் இயல்பாக இருக்கிற சரிவு அல்ல.

தடம் எவ்வளவு கடினம் என்று காட்டும் நிறங்களைப் பற்றி ஒன்று. ஸ்விட்சர்லாந்தில் நீலம், சிவப்பு, கறுப்பு மூன்றுதான், பிரான்ஸில் எளியவற்றுக்குப் பச்சை கூடுதலாக உண்டு. நீலத்தடம் பொதுவாக 25 விழுக்காட்டுச் சாய்வு வரை, சிவப்பு 40 வரை, அதற்கு மேல் கறுப்பு. இது விழுக்காடு, பாகை அல்ல. 40 விழுக்காடு என்பது ஏறக்குறைய 22 பாகைதான். வரைவில் இரண்டு இடத்தில் 'பாகை' என்று வந்திருக்கிறது, திருத்த வேண்டும். பனிச்சரிவைப் பற்றிப் பேசும்போது 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகள் என்று நிஜமாகவே பாகையில் சொல்கிறோம், இரண்டும் கலந்தால் ஆபத்து. இந்த இடங்களிலெல்லாம் 'சாய்வு' என்றே எழுதுவோம், 'சரிவு' வேண்டாம்.

அப்புறம் மஞ்சள். செர்மாட்டில் ஸ்டாக்ஹார்ன் பக்கம் மஞ்சள் குறியிட்ட வழிகள் இருக்கின்றன. பனிச்சரிவு அபாயம் பார்த்துத்தான் திறப்பார்கள், ஆனால் சமன் செய்ய மாட்டார்கள், நாள் முடிவில் யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டும் வர மாட்டார்கள். இதைச் 'செப்பனிடாத தடம்' என்று சொல்லலாம். குறியே இல்லாத வெளிப்பனிக்குத் 'தடப்புறம்' என்று வைத்திருக்கிறேன். பல பயணக் காப்பீடுகளில் தடத்தில் விழுந்தால் ஒரு விதி, தடத்துக்கு வெளியே விழுந்தால் வேறு விதி என்பதால் இந்த மூன்றும் பிசிறில்லாமல் பிரிந்து நிற்க வேண்டும்.

---

> குறியே இல்லாத வெளிப்பனிக்குத் 'தடப்புறம்'

அக்கா, சறுக்குத்தடம் எனக்குச் சரி. தடப்புறம் இடிக்கிறது. நகர்ப்புறம் என்றால் நகரத்துக்கு வெளியே என்றா சொல்கிறோம்? நகரம் இருக்கிற பக்கம்தானே. தடப்புறம் என்றால் தடம் இருக்கிற பக்கம் என்று ஒருவர் நினைத்துக்கொண்டால், நீங்கள் பனிச்சரிவுக்குச் சொன்ன அதே வாதம் இங்கேயும் வரும். 'தடமற்ற பகுதி' என்று நேராக எழுதினால் என்ன? கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாருக்கும் சந்தேகம் வராது.

பனிப்பலகை (ஸ்னோபோர்டு, இரு காலையும் ஒரே பலகையில் பூட்டிச் சறுக்குவது) பகுதியை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாடகைக் கடையில் முதலில் கேட்பதே எந்தக் கால் முன்னால் என்றுதான், ஆகவே அதற்குச் சொல் இல்லாமல் முடியாது. இடக்கால் முன்னால் வைப்பவர் 'இடமுன்', வலக்கால் வைப்பவர் 'வலமுன்' என்று வைத்திருக்கிறேன். பலகையின் இரண்டு ஓரங்கள் விரல்விளிம்பு, குதிவிளிம்பு. புதிதாகப் பழகுகிறவர் விழுவதெல்லாம் இந்த விளிம்பில்தான். இறங்குகிற பக்கத்து விளிம்பு பனியில் கொத்தினால் பலகை அங்கேயே நின்றுவிடும், ஆள் மட்டும் போவார். குதிவிளிம்பு கொத்தினால் பின்மண்டை அடிபடும், தலைக்கவசத்தைப் பற்றி அந்த இடத்திலேயே எழுதியிருக்கிறேன்.

காலணியை ஸ்கீயோடோ பலகையோடோ பூட்டுகிற பைண்டிங்குக்குப் 'பிணைப்பு'. ஸ்கீயில் (காலுக்கு ஒன்றாக மாட்டும் நீளச் சறுக்குக்கட்டை) காலணியின் முன்முனையைச் செருகி, குதிகாலை ஓங்கி மிதித்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். விழும்போது தானாகக் கழன்றுவிடும், கால் முறியாமல் காப்பது அதுதான். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், சறுக்கும் திறமை எல்லாம் பார்த்துக் கடைக்காரர் திருகி வைப்பார். அந்த எண்ணுக்குக் 'கழல் அளவு' சரியா? திறமையைக் கூட்டிச் சொன்னால் அளவு கூடிப்போய், கழல வேண்டிய நேரத்தில் கழலாது. பனிப்பலகையின் பிணைப்பு விழும்போது தானாகக் கழலாது. லிஃப்டில் ஏறும்போது பின்காலைக் கையால் அவிழ்த்துவிடுகிறார்கள். லிஃப்ட் லிஃப்டாகவே இருக்கட்டும், அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

---

'தடமற்ற பகுதி'யே இருக்கட்டும் தம்பி, மாற்றிவிட்டேன். இடமுன், வலமுன் இரண்டும் அருமை, கேட்டவுடன் ஒட்டிக்கொள்கின்றன. கழல் அளவும் சரி.

வசந்தகாலத்துப் பனிக்குக் 'குருணைப்பனி' என்று எழுதுகிறேன். பகலில் உருகி இரவில் உறைந்து திரும்பத் திரும்பக் குருணையாகிவிடுகிற பனி அது. புதிதாக விழுந்தது பொடிப்பனி, பிற்பகலில் நசநசத்துப்போனது கூழ்ப்பனி. மார்ச், ஏப்ரலில் போகிறவர்களுக்கு நாளைத் திட்டமிடவே இந்தச் சொற்கள் உதவும். விடிகாலையில் எல்லாம் கெட்டியாக இருக்கும், கிழக்குப் பார்த்த தடம் முதலில் இளகும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. அந்த வரிசையில் சுற்றினால் நாள் முழுக்கக் குருணை கிடைக்கும், மாற்றிப் போனால் காலையில் கட்டி, மாலையில் கூழ்.

பாக்கி இருப்பது பனிச்சரிவு அபாயத் தரங்கள். ஐரோப்பாவில் 1993 முதல் ஐந்து தரம். ஸ்விட்சர்லாந்தின் தாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு அறிக்கை விடுகிறது, காலை 8 மணிக்கு அதைப் புதுப்பிக்கிறது. அது தடமற்ற பகுதிக்கான அறிக்கை, திறந்திருக்கிற தடங்களுக்கு அல்ல என்பதையும் சேர்க்க வேண்டும். வரைவில் 3ஆம் தரத்துக்கு 'நடுத்தரம்' என்று இருக்கிறது. ஐந்தில் மூன்று நடுவில்தான் என்றாலும், அதைப் படிக்கிறவர் 'பரவாயில்லை, போகலாம்' என்றே முடிவெடுப்பார். ஸ்விட்சர்லாந்தில் உயிரிழப்புகளில் பெரும்பங்கு 3ஆம் தரம் அறிவித்த நாட்களில்தான் நேர்கிறது. குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம் என்று போடுகிறேன், மூன்றாவதற்கு எதிரே சிவப்பில் 'தனியே போகாதீர்கள்' என்றும். 'கணிசம்' என்பதைவிட அழுத்தமான சொல் யாருக்காவது தோன்றினால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், மற்றவை எல்லாம் பட்டியலில் ஏற்றிவிட்டேன்.