பேச்சுப் பாரசீகத்தில் 'ஒ' வந்தால் 'உம்'மா, 'ஐ'யா?

கேள்வி:
நாலு மாதமாகப் பாரசீகம் படிக்கிறேன். 'உம்' என்பதற்கு 'வ', 'ஐ' உருபுக்கு 'ரா' என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தெஹ்ரான் பேச்சைக் கேட்டால் இரண்டையும் காணோம், எங்கும் 'ஒ'தான். நேற்று 'மனொ தொ' என்று காதில் விழுந்தது. 'மன்' நான், 'தொ' நீ. சரி, 'நானும் நீயும்' என்று எடுத்துக்கொண்டேன். பார்த்தால் அந்த வாக்கியம் 'என்னை நீ பார்த்தாயா?' என்பதாம்! எங்கே கோட்டை விட்டேன்?

பதில் 1:
வினை வரும்வரை காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். 'மனொ தொ தீதீம்' என்றால் நானும் நீயும் பார்த்தோம். 'மனொ தொ தீதீ' என்றால் என்னை நீ பார்த்தாய். கடைசி 'ம்' ஒன்றுதான் வித்தியாசம். எழுத்தில் பார்த்தால் சுலபம்: இணைய அரட்டையில் 'ஒ'வைக் குறிக்க 'வாவ்' (و) என்ற எழுத்தைப் போடுவார்கள்; 'உம்' பொருள் தருவதைத் தனியாக விடுவார்கள், 'ஐ' பொருள் தருவதைச் சொல்லோடு ஒட்டுவார்கள், அல்லது 'ரொ' என்றே எழுதுவார்கள்.

பதில் 2:
'ஐ' விஷயத்தில் தமிழருக்கு அதிர்ஷ்டம். 'கெத்தாப் கரீதம்' புத்தகம் வாங்கினேன். 'கெத்தாபொ கரீதம்' புத்தகத்தை வாங்கினேன். எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்குத் தெரிந்தால் உருபு, இல்லையென்றால் வேண்டாம். நாம் பேசுவதும் அப்படித்தானே. (கரீதமின் 'க' தொண்டையில் உரச வேண்டும், தமிழில் எழுத வழியில்லை.)

இன்னொன்று: 'வ' தேய்ந்து 'ஒ' ஆனதாகப் பலர் சொல்வார்கள். உண்மையில் 'ஒ'தான் பாரசீகத்தின் சொந்தச் சொல், 'வ' அரபியிலிருந்து வந்தது.

கேட்டவர்:
அப்படியானால் 'நூனொ பனீரொ கரீதம்' என்பதில் முதல் 'ஒ' உம், இரண்டாவது ஐ. ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் வாங்கினேன். சரியா?

பதில் 1:
அதேதான். ஆனால் நம் 'உம்' முழுவதும் 'ஒ'வில் அடங்காது. 'நானும் வருகிறேன்' என்பதில் வரும் 'உம்'முக்கு 'ஹம்'. 'மன் ஹம்' பேச்சில் 'மனம்' ஆகிவிடும்: 'மனம் மியாம்'.

கேட்டவர்:
ஐயோ, 'மனம்' என்றால் 'நான்தான்' என்றல்லவா படித்தேன்?

பதில் 2:
அதுவும் சரிதான். கதவைத் தட்டியதும் உள்ளிருந்து 'கியே?' (யார்?) என்றால் 'மனம்' என்றுதான் சொல்வார்கள். அங்கே 'நானும்' என்று யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள்.