மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் இரண்டாந்தரமா?

கண்டனூரான்:
என் தம்பி இரண்டு ஆண்டுகளாக டயாலிசிஸில் இருக்கிறான். மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்காக மதுரையில் பெயர் பதிந்து காத்திருக்கிறோம். இப்போது எங்கள் ஆச்சி (மூத்த அக்கா, வயது 54) தன் சிறுநீரகத்தைத் தருவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. மூளைச்சாவின்போது அட்ரினலின் பொங்கி ரத்த அழுத்தம் எகிறுகிறது, பிறகு சரிகிறது. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் புரதங்கள் பெருகி, ரத்தக் குழாய்ச் சுவரில் வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. கொடையாளரின் எதிர்ப்பு மண்டலமே வாட்டிவிட்ட உறுப்புக்காகக் காத்துக் கிடப்பானேன்?

தேவகோட்டை செவிலி:
நீங்கள் சொன்ன உடலியல் சரி, அண்ணன். முடிவுதான் தப்பு. வாட்டம் என்பது அளவைப் பொறுத்தது. கொடையாளரை ஐசியுவில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் 2015இல் வெளியான ஆய்வில், கொடையாளரின் உடல் வெப்பத்தை 34–35 டிகிரி செல்சியஸில் வைத்தார்கள். மாற்றுச் சிகிச்சைக்குப் பின் முதல் வாரத்திலேயே டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் 39 சதவீதத்திலிருந்து 28 ஆகக் குறைந்தார்கள்.

கண்டனூரான்:
28 என்பது சின்ன எண்ணா? 1995இல் வந்த கணக்கையும் பாருங்கள். கணவன் மனைவிக்குள் கொடுத்துக்கொண்ட சிறுநீரகங்களில் 85 சதவீதம் மூன்று ஆண்டு தாங்கின, இறந்தவர்களுடையதில் 70. தம்பதிகளுக்கோ திசுப் பொருத்தம் மிகக் குறைவு. பொருத்தமே இல்லாத உயிருள்ளவர் உறுப்பு ஜெயித்திருக்கிறது. வேறென்ன சான்று வேண்டும்?

காரைக்குடி மருந்துக்கடை:
நடுவில் ஒரு வார்த்தை. அழற்சியை அடக்கினால் தீர்ந்தது என்று தங்கச்சியும் நினைக்க வேண்டாம். கொடையாளருக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த 2010 ஆய்வில் சிறுநீரகத்தின் அழற்சி குறைந்தது, ஆனால் பெற்றவர்களுக்குப் பலன் தெரியவில்லை. கல்லீரலில் 2008இல் பலன் தெரிந்திருந்தது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு குணம்.

தேவகோட்டை செவிலி:
ஒப்புக்கொள்கிறேன், அண்ணாச்சி. 1995 கணக்கையும் மறுக்கவில்லை, அதற்குப் பிறகு மருந்துகள் நிறைய மாறிவிட்டன என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கேள்வி வேறு. இந்தப் புள்ளிவிவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை வீடுகளில் தாயையும் அக்காவையும் மனைவியையும் அறுவை மேசைக்கு அனுப்புகிறார்கள்? 54 வயது ஆச்சியின் ரத்த அழுத்தத்தை யாராவது பார்த்தீர்களா? கொடுக்காத அண்ணன்மார் எத்தனை பேர், நீங்கள் உட்பட?

கண்டனூரான்:
எனக்குச் சர்க்கரை 240. நான் கேட்டுப் பார்த்தாயிற்று, தங்கச்சி.

ஆச்சிக்கு அழுத்தம் 146. மருத்துவர் இரண்டு வாரம் வீட்டிலேயே அளந்து குறித்துவரச் சொல்லியிருக்கிறார், அதன் பிறகுதான் மற்றப் பரிசோதனைகள். மதுரைப் பட்டியலில் இருந்து தம்பியின் பெயரை எடுக்கவில்லை. நேற்று ஆச்சி அவன் இடது கையைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம், அந்த ஃபிஸ்டுலா, இரைகிறதல்லவா, "வளவுக் கிணற்று மோட்டார் மாதிரி ஓடுகிறதே" என்று சிரித்தார். பிறகு அவனுக்காக வேகவைத்த காயின் தண்ணீரை வடிக்கப் போய்விட்டார்.