பட்டறையில் விரல் நசுங்கியது: சிக் லீவில் கழிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன், ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் என் மைத்துனருக்கு பிரஸ் மெஷினில் வலது சுட்டுவிரல் நசுங்கிவிட்டது. டாக்டர் 5 வாரம் ஓய்வு கொடுத்திருக்கிறார். மாதச் சம்பளம் 12,000 ரேண்ட். மேனேஜர் எல்லாவற்றையும் சிக் லீவில் கழிப்பேன் என்கிறார். கம்பெனி மேல் கேஸ் போடலாமா?

பதில் 1:
கழிக்கக் கூடாது. இழப்பீடு கிடைக்கும் வேலைவிபத்துக்கு சிக் லீவ் பொருந்தாது. 1997 வேலை நிபந்தனைச் சட்டம் 24ஆம் பிரிவைக் காட்டுங்கள். வேலைக்குப் போக முடியாதது 3 நாளோ அதற்குக் குறைவோ என்றால் இழப்பீடு இல்லை, அப்போது மட்டும் சிக் லீவ் எடுக்கலாம்.

இவருக்குச் சேர வேண்டியது சம்பளத்தில் 75 சதவீதம், அதாவது மாதம் 9,000 கணக்கில். முதல் 3 மாதம் முதலாளியே கொடுத்துவிட்டு அரசின் இழப்பீட்டு நிதியிடம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். “ஃபண்ட் பணம் வரட்டும், பிறகு தருகிறேன்” என்பதெல்லாம் சாக்கு.

கேஸ்? 1993 வேலைவிபத்து இழப்பீட்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்கை அடைத்துவிட்டது. ஆனால் மெஷினில் கார்டு (கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடி) இல்லாமல் ஓட்டச் சொன்னார்கள் என்பது போல அலட்சியத்தைக் காட்ட முடிந்தால், 56ஆம் பிரிவில் கூடுதல் தொகை கேட்கலாம். மெஷினை இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள். கார்டு நாளைக்கே முளைத்துவிடும்.

பதில் 2:
பணத்தைவிட முதலில் பேப்பர். விபத்து தெரிந்த 7 நாளுக்குள் முதலாளி டபிள்யு.சி.எல்.2 என்ற விபத்து அறிக்கைப் படிவத்தை நிதிக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் முதலில் 4ஆம் படிவம் (முதல் மருத்துவ அறிக்கை), பிறகு 5 (தொடர் அறிக்கை). வேலைக்குத் திரும்பியதும் முதலாளி 6 (வேலைக்குத் திரும்பிய அறிக்கை). இந்த 6ஐத்தான் எல்லோரும் மறப்பார்கள், கோப்பு அங்கேயே தூங்கும்.

நம்பர் 4ஐ வாங்கியவுடன் படித்துப் பாருங்கள். “கை காயம்” என்று மட்டும் இருந்தால் விடாதீர்கள். வலதா இடதா, எந்த விரல், எந்தக் கணு வரை போயிற்று என்பது வேண்டும். நிரந்தர ஊனத்தைக் கணுக் கணக்கில்தான் போடுவார்கள். 30 சதவீத ஊனத்துக்கு 15 மாதச் சம்பளம் மொத்தமாக, அதற்குக் கீழே விகிதப்படி. உதாரணத்துக்கு 10 சதவீதம் என்றால் 5 மாதம், 60,000 ரேண்ட். 30ஐத் தாண்டினால் மாதாந்திர பென்ஷன். 2இலும் 4இலும் விபத்துத் தேதி வேறாக இருந்தால் அதிலும் கோப்பு முட்டி நிற்கும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், அவர் லேபர் புரோக்கர் (கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்) மூலம் போனவர். பட்டறைக்காரர் “எங்கள் ஆள் இல்லை” என்கிறார்.

பதில் 2:
இந்தச் சட்டத்தில் புரோக்கர்தான் முதலாளி. 2ஐயும் 6ஐயும் அவரிடமே கேளுங்கள், 75 சதவீதமும் அவர் பொறுப்பு. நிதிக்குக் கட்டும் பணம் என்று இவர் சம்பளத்தில் பிடித்திருந்தால் அதுவும் சட்டவிரோதம், பழைய பே ஸ்லிப்புகளைப் பாருங்கள்.