பிள்ளைகளின் பேருந்துச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேள்வி (மயூர் விஹார் வாசகர்):
அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில், தில்லி போக்குவரத்துக் கழகத்தின் நஷ்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மாணவர்களுக்கு 100 ரூபாய்க்கு மாதப் பாஸ் கொடுப்பதும் மாணவிகளை இலவசமாக ஏற்றிச் செல்வதும்தான் அதற்குக் காரணம் என்றும், பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளிக்கே நடந்து போகட்டும் என்றும் ஒருவர் சொன்னார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் உண்டா?

மறுமொழி (ஓய்வு பெற்ற கணக்கர், ஜனக்புரி):
ஐயா, 2025 மார்ச்சில் தில்லி சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையைப் பாருங்கள். கழகத்தின் திரண்ட நஷ்டம் 2015-16இல் சுமார் 25,300 கோடி ரூபாயாக இருந்து, 2021-22இல் 60,700 கோடியைத் தாண்டிவிட்டது. அதே சமயம் 4,344 ஆக இருந்த பேருந்துகள் 2022-23இல் 3,937 ஆகக் குறைந்தன. கட்டணமோ 2009க்குப் பிறகு உயர்த்தப்படவே இல்லை. வண்டி பழுதாகிப் பணிமனையில் நின்றாலும் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். காலையில் எப்படியும் ஓடப்போகிற பேருந்தில் ஒரு பையன் ஏறுவதால் எரிபொருள் குறிப்பிடும்படி கூடுதலாகச் செலவாவதில்லை. பள்ளி நேரத்துக்கென்றே தனி வண்டி விட்டால் செலவு ஏறும் என்பது உண்மைதான். ஆனால் தில்லியில் பள்ளிகள் அலுவலகங்களுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், பிள்ளைகளை இறக்கிவிட்ட வண்டியே அலுவலகக் கூட்டத்தையும் ஏற்றிக்கொள்ளலாம்.

மறுமொழி (ஆசிரியை, லோதி காலனி):
அருகிலுள்ள பள்ளி என்பது நல்ல கொள்கை. கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகளும் ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டர் என்றுதான் சொல்கின்றன. ஆனால் பள்ளி இருந்த இடத்திலேயே இருக்க, வீடு போய்விட்டால் என்ன செய்வது? 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் ஏறக்குறைய 370 வீடுகள் இடிக்கப்பட்டன; நகரின் வட கோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று சொல்லப்பட்டவை 189 குடும்பங்கள். நரேலா அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அப்படிப் போன குடும்பத்துப் பையன் ஒருவன், தமிழ் படிப்பதைக் கைவிட மனமில்லாமல், இன்றும் தமிழ் கற்பிக்கும் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கே வருகிறான். சமய்பூர் பாத்லி வரை பேருந்து, பிறகு மெட்ரோ. மெட்ரோவில் மாணவர் சலுகையும் கிடையாது. ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது என்பதால், நிலைய வாசலில் நின்றபடியே அம்மா கட்டிக்கொடுத்த இட்லியை இரண்டு வாயில் விழுங்கிவிட்டுப் படியேறுகிறான். குடியிருப்பை எங்கே வைப்பது என்று முடிவெடுத்தபோது எழுதியிருக்க வேண்டிய செலவு இது. இப்போது அது பாதி போக்குவரத்துத் துறையின் தலையிலும் பாதி அந்தத் தாயின் தலையிலும் விழுந்திருக்கிறது.

மறுமொழி (ஓய்வு பெற்ற கணக்கர், ஜனக்புரி):
அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பள்ளிக் கல்விக்கான மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில், அருகில் பள்ளி இல்லாத பிள்ளைகளுக்குப் போக்குவரத்துக்காக ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை தர இடமுண்டு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சட்டம் சொல்லும் 220 வேலை நாளுக்கு வகுத்துப் பார்த்தால், போக வர நாளொன்றுக்கு 27 ரூபாய்தான் வருகிறது.

மயூர் விஹார் வாசகர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தக் கணக்கை அச்செடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு போகிறேன். அம்மா, அந்தப் பையனைப் போல நரேலாவிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? எண்ணிக்கை கையில் இருந்தால், காலை வேளைக்கு ஒரு நேரடிப் பேருந்து கேட்டு எல்லோருமாகச் சேர்ந்து மனு எழுதலாம்.