முட்டி மாற்று ஆபரேஷன் முடிஞ்சு 18 நாள்: கால் முழுசா நீட்ட வரலை

சேர்வராயன்_சரிவு:
அம்மாவுக்கு 64 வயசு. சேலத்துல வலது முட்டி மாற்று ஆபரேஷன் ஆகி இன்னிக்கு 18-ம் நாள். தையல் பிரிச்சாச்சு, புண் காஞ்சிருக்கு. வாக்கர் பிடிச்சு வீட்டுக்குள்ள நடக்கறாங்க. மடக்கறது 75 டிகிரி, நீட்டறதுல 10 டிகிரி பாக்கின்னு அளந்து சொன்னாங்க. முட்டிக்கு அடியில தலகாணி வெச்சாத்தான் தூக்கம் வருது. வீடு ஏற்காட்டுல, ரோட்டுல இருந்து சரிவுல இறங்கணும். பிசியோவுக்காக தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறணுமா, வீட்டிலயே பண்ணலாமா? கால் மடக்கற மெஷின் வாடகைக்குக் கிடைக்குதாம், எடுக்கலாமா? எண்ணெய் போட்டு நீவச் சொல்லி சொந்தக்காரங்க வேற சொல்றாங்க.

பிசியோ_அஸ்தம்பட்டி:
முதல்ல அந்தத் தலகாணியை எடுங்க. முட்டி லேசா மடங்கி இருந்தா உள்ளே அழுத்தம் குறையும், அதனால சுகமாத்தான் இருக்கும். ஆனா ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தா பின்பக்கத் தசையும் சவ்வும் அந்த நீளத்துக்கே இறுகிப்போகும். தலகாணி வைக்கறதா இருந்தா கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் கீழ வைங்க, முட்டி அந்தரத்துல நிக்கட்டும்.

75 டிகிரிக்கு இப்பவே பயப்பட வேண்டாம், அது கூடும். எனக்குக் கவலை அந்த 10 டிகிரிதான். நீட்டாத முட்டியோட நின்னா தொடைத்தசை ஒரு நிமிஷம்கூட ஓய்வெடுக்க முடியாது. கொஞ்சம் நடந்ததுமே முன்தொடை வலிக்கும், நொண்டல் நிலைச்சுடும்.

அந்த 10 டிகிரி எந்த வகைன்னு வீட்டிலயே பார்க்கலாம். மல்லாக்கப் படுக்க வெச்சு, குதிகாலுக்கு அடியில சுருட்டின துண்டு வைங்க. காலைத் தளர்வா விடச் சொல்லி அஞ்சு நிமிஷம் பொறுங்க. தானா நேராகுது, ஆனா அம்மாவே காலைத் தூக்கும்போது முட்டி தொய்யுதுன்னா, தொடைத்தசைக்கு வலு பத்தலை. தளர்த்தி விட்டும் நேராகலைன்னா, மூட்டே இறுகியிருக்கு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

இறுக்கம்னா அதே துண்டு முறைதான்: 10 நிமிஷம், ஒரு நாளைக்கு நாலு தடவை. பாதம் கூரையைப் பார்க்கணும். வெளிப்பக்கம் சாய்ஞ்சுட்டா பலன் போச்சு. வலு பத்தலைன்னா, முட்டியைக் கட்டிலோட அழுத்தி அஞ்சு வரை எண்ணி விடணும். பத்து பத்தா மூணு சுற்று, காலை மதியம் மாலை. மூச்சை அடக்கக்கூடாது.

மடக்கறதுக்கு நாற்காலியில உட்கார்ந்து, நல்ல காலை ஆபரேஷன் கால் மேல குறுக்கே போட்டு மெதுவா பின்னால தள்ளணும். இடுப்பு தூக்கினா அது மடக்கு கணக்குல சேராது. தொடை மட்டமா இருக்கும்போது முட்டிப் பக்கவாட்டு நடுவுல இருந்து கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி ஒரு நூலைத் தொங்க விடுங்க. நூல் கணுக்கால் எலும்பு மேல விழுந்தா 90 டிகிரி.

டாக்டர் எழுதின வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முக்கால் மணி முன்னாடி சாப்பிடற மாதிரி நேரம் அமைச்சுக்கோங்க.

கோரிமேடு_ஆர்த்தோ_வார்டு:
மேலே சொன்னதோட வீக்கத்தையும் சேர்த்துக்கணும். மூட்டுக்குள்ள நீர் கோத்திருந்தா தொடைத்தசை தானா அடங்கிடும். அம்மா சோம்பல் படறாங்கன்னு திட்டாதீங்க. தையல் டேப்பால முட்டிச்சில்லு நடுவுல சுற்றளவு எடுத்து தினமும் காலையில எழுதி வைங்க. முந்தின நாளைவிட 1 செ.மீ. கூடியிருந்தா அன்னிக்குப் பயிற்சியையும் நடையையும் பாதியாக்குங்க, நிறுத்த வேண்டாம்.

ஏற்காட்டுக் குளிர்ல ஐஸ் வேண்டாம்பாங்க. ஆனா இந்தக் கட்டத்துல அதுதான் உதவும். ஐஸை உடைச்சு கவர்ல போட்டு, ஈரத்துண்டு சுத்தி, பயிற்சி முடிஞ்சதும் 15 நிமிஷம். உடம்புக்குப் போர்வை போட்டுக்கலாம். தழும்புக்கு வெளிப்பக்கத் தோல் மரத்திருக்கும், சுட்டாலும் உறைஞ்சாலும் தெரியாது. அதனால துண்டு இல்லாம வைக்காதீங்க, வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்.

எண்ணெய் நீவறது கூடவே கூடாது. இந்த நாள்கள்ல கெண்டைக்கால் ரத்தக்குழாய்ல உறைஞ்ச ரத்தக்கட்டி இருக்க வாய்ப்பு உண்டு; அழுத்தி நீவினா அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சா அன்னிக்கே டாக்டரைப் பார்க்கணும். திடீர்னு மூச்சு வாங்கினா உடனே 108. காய்ச்சல், தழும்புல நீர் கசிவு இருந்தாலும் தாமதிக்காதீங்க. முட்டி தொட்டா சூடா இருக்கறது மட்டும்னா பயமில்லை, சில மாசம் அப்படித்தான் இருக்கும்.

மலைப்பாதை_65:
தினமும் இறங்க வேண்டியதில்லைங்கறது என் கருத்து. வளைவுக்கு வளைவு காலை ஊனித் தாங்கினா வீடு சேரும்போது முட்டி வீங்கிடும். வாரம் ரெண்டு தடவை போய் அளந்து, பயிற்சியைத் திருத்திட்டு வந்தா போதும். கார்ல முன்சீட்டைப் பின்னால தள்ளி, காலை நீட்டி உட்கார வைங்க. வழி முழுக்கப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டணும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் விசாரிங்க: 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர்ற ஏற்பாடு இருக்கு.

சரிவுல வாக்கரை நம்பாதீங்க, அது முன்னால ஓடும். பக்கத்துல ஒருத்தர் பிடிக்கணும், இடது கையில கைத்தடி. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது தடியும் ஆபரேஷன் காலும் முதல்ல. மழை பெய்ஞ்ச அன்னிக்கு வெளியே வேண்டாம்.

சேர்வராயன்_சரிவு:
நன்றிங்க. துண்டு வெச்சுப் பார்த்தேன், தளர்த்தி விட்டும் நேராகலை. மெஷின் பத்தி யாரும் சொல்லலையே?

பிசியோ_அஸ்தம்பட்டி:
அப்ப இறுக்கம்தான், துண்டு முறையை அஞ்சு தடவையாக்குங்க. மெஷின் காலைத் தானே மடக்கி நீட்டும், தொடைத்தசை வேலையே செய்யாது. அந்த வாடகைப் பணத்தை மேற்கத்திய கழிப்பறை இருக்கையை உயர்த்தவும், சுவத்துல பிடிகம்பி வைக்கவும் போடுங்க. ரெண்டு வாரத்துல நீட்டறதுல பாக்கி 5 டிகிரிக்குள்ள வரலைன்னாலும், ஆறாவது வாரத்துல மடக்கு 90 தாண்டலைன்னாலும் ஆபரேஷன் பண்ண டாக்டரைப் பாருங்க. மடக்கு குறைவா நின்னா மயக்கம் கொடுத்து மடக்கி விடற வழி இருக்கு, ஆனா மூணு மாசத்துக்கு மேல போனா தழும்புத்திசு கெட்டிப்பட்டு அதுவும் சரியா எடுபடாது.